ஓர வரிசைக் கடலை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசக் கூப்பிட்டவர்கள், என் சாதனைகளைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். சாதனைகளையெல்லாம் ஆண்டறிக்கையில் வழவழப்பான காகிதத்தில் போட்டாயிற்று. நான் வயலில் குனிந்து ஒரு செடியை உற்றுப் பார்க்கிற படம்கூட அதில் இருக்கிறது. அன்றைக்கு நான் தேடிக்கொண்டிருந்தது என் மூக்குக்கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்த திருகாணியை. ஆகவே சாதனைகளை விட்டுவிடுவோம். இந்த நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழு, தான் பாதுகாக்க வேண்டிய பயிரைத் தானே அவித்துத் தின்ற கதையைச் சொல்கிறேன். நானும் தின்றேன்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று நம் ஆட்கள் சொல்வார்கள். எங்கள் வேலி கொஞ்சம் நாகரிகமானது. பிரஷர் குக்கரில் வைத்து, விசில் வந்த பிறகுதான் மேய்ந்தது.

அப்போது நான் ஒரு நிலக்கடலைச் சோதனைக்குப் பொறுப்பாக இருந்தேன். பிடுங்கிய காய் சரியாகக் காயாவிட்டால் அதில் ஒரு பூஞ்சை புகுந்து நஞ்சு சுரக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அவித்தாலும் போகாது. ஈரலைக் கெடுக்கும், குழந்தைகளை வளரவிடாது. ஆப்பிரிக்காவில் மலாவி போன்ற நாடுகளில் நிலக்கடலைதான் வீட்டுக்கு வீடு கஞ்சியிலும் கீரையிலும் விழுகிற சத்து. அதிலேயே இந்த நஞ்சும் வருகிறது. வேறொரு செடியின் மரபணு ஒன்றைச் சேர்த்து, இந்தப் பூஞ்சைக்கு இடம் கொடுக்காத நிலக்கடலையை உருவாக்கப் பார்த்தோம். அதை மலாவியில் விதைப்பதுதான் நோக்கம்.

அதற்காகவே மலாவியிலிருந்து தோகோ என்ற பெண் விஞ்ஞானி ஹைதராபாத் வந்திருந்தாள். என்னைவிட இளையவள். இரண்டு குழந்தைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, கச்சிபௌலியில் ஒரு மாடிக் குடியிருப்பில் தனியாக இருந்தாள். அந்த வயலின் ஒவ்வொரு செடியும் அவளுக்கு முகம் தெரிந்த செடி. ஒரு செடி வாடினால் அவள் முகமும் சேர்ந்து வாடும். நானோ பக்கத்தில் நின்று வெயிலைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

வயலைச் சுற்றி வேலி, மேலே வலை, கதவில் பூட்டு. அனுமதி கிடைக்கும்வரை ஒரு பருப்புகூட வெளியே போகக் கூடாது, யார் வயிற்றுக்குள்ளும் போகக் கூடாது. சாவி இரண்டு பேரிடம் இருந்தது. ஒருத்தி நான். இன்னொருவர் பாதுகாப்புக் குழுவின் தலைவர்.

அவர் பெயர் வேண்டாம், சேர்மன் என்றே சொல்கிறேன். காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழர். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வாழ்நாள் முழுக்க ஹைதராபாத்தில் இருந்தும் அவர் வாயிலிருந்து திருநெல்வேலி போகவில்லை; நடுவில், 'வேண்டாம்' என்பதற்கு ஹைதராபாத்துக்காரர்கள் சொல்லும் ஒரு 'நக்கோ' மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. கெட்டவர் இல்லை. விதிமுறைகளை மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் விதிமுறை என்பது மற்றவர்களுக்காக எழுதப்படுவது என்று உள்ளூர ஓர் எண்ணம். உயர்ந்த பதவிகளில் வருகிற நோய் இது. இதற்கு எதிர்ப்புச் சக்தி உள்ள ரகம் எதையும் எந்த நிறுவனமும் இதுவரை வெளியிடவில்லை.

ஒரு நாள் குழுக் கூட்டம். காலையில் சேர்மன் தன் சாவியை எடுத்துக்கொண்டு வயலை ஆய்வு செய்யப் போனார். அறுவடைக்கு வந்த நிலக்கடலை. முந்தின நாள் பெய்த மழையில் மண் நெகிழ்ந்து கிடந்தது. பிடித்து லேசாக இழுத்தால் கொத்தாக வரும். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முனிவராக இருக்க வேண்டும். சேர்மன் முனிவர் இல்லை.

நியாயமாகச் சொன்னால் அவரும் ஒரு கணக்குப் போட்டுத்தான் பிடுங்கினார். இப்படிப்பட்ட வயல்களில் ஓரமாகச் சில வரிசை சாதாரண நிலக்கடலை நடுவோம். விதிப்படி அதையும் கடைசியில் எரிக்க வேண்டும், ஆனாலும் தின்றால் ஒன்றும் இல்லை, சந்தைக் கடலைதான். அவர் ஓர வரிசையில் கை வைப்பதாக நினைத்தார். ஆனால் கதவுப் பக்கத்தில் மட்டும் அந்த ஓர வரிசை முளைக்காமலே போயிருந்தது. அங்கே முதலில் நின்றதே சோதனைச் செடிதான். இதைப் போன கூட்டத்தில் நான் சொல்லியிருந்தேன். அவர் தலையாட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது.

மதியம் கூட்டம் கூடியது. தேநீரோடு ஒரு பெரிய பாத்திரத்தில் அவித்த கடலை வந்தது. சேர்மன்தான் விருந்தினர் விடுதிச் சமையலறையில் உப்பைத் தாராளமாகப் போட்டு வேகவைக்கச் சொல்லியிருந்தார். நம் பண்ணையிலே விளைந்தது, சாப்பிடுங்கள் என்று சேர்மன் பெருமையாக உபசரித்தார். பண்ணையில் எத்தனையோ நிலக்கடலை வயல் இருக்கிறது. ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். வெளியிலிருந்து வந்த ஒரு மருத்துவர், ஒரு பேராசிரியர், எங்கள் நிர்வாக அதிகாரி, தோகோ, நான், இன்னும் சிலர், எல்லோரும் உரித்து உரித்துத் தின்றோம். அன்றைய பொருள், சோதனை வயலிலிருந்து விதை வெளியேறும் ஆபத்து உண்டா என்பது. இல்லை என்று ஒருமனதாக முடிவு செய்தோம். முடிவு செய்யும்போது எல்லோர் வாயிலும் கடலை இருந்தது. மிச்சமிருந்ததைச் சேர்மன் டிபன் டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்.

சாயங்காலம் நானும் தோகோவும் வயலுக்குப் போனோம். கதவைத் திறந்ததுமே முதல் வரிசையில் பல் விழுந்த வாய் மாதிரி ஒரு பொக்கை. தோகோ அப்படியே நின்றுவிட்டாள். காவலரைக் கேட்டேன். சேர்மன் சார்தான் வந்தார், ஒரு பை நிறையக் கொண்டுபோனார் என்றார். பிடுங்கிய செடிகள் விருந்தினர் விடுதியின் பின்பக்கம் குவிந்து கிடந்தன. இரண்டு இலை கிள்ளிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினோம்.

நாங்கள் சேர்த்த மரபணு செடியில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனைப் பட்டை உண்டு. கர்ப்பம் பார்க்கிற பட்டை மாதிரியே இருக்கும். இலைச் சாற்றில் நனைத்தால், சாதாரணச் செடிக்கு ஒரு கோடு. எங்கள் செடிக்கு இரண்டு. பட்டையை நனைத்துவிட்டு, எனக்கு எப்போதோ நடந்ததைப் போலவே, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தபோது இரண்டு கோடு.

தோகோ கையுறையைக் கழற்றினாள். நான் பட்டையை எடுத்துக்கொண்டு சேர்மன் அறைக்குப் போனேன்.

அவர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எம்பொண்ணுக்கு ரெண்டு கோடு வந்தப்ப வீட்ல ஸ்வீட்டு குடுத்தோம்" என்றார். அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஓரத்தில்தானே பிடுங்கினேன் என்றார். ஓரம் முளைக்காத கதையை மறுபடி சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"சாப்ட்ட எல்லாரும் நல்லாத்தானம்மா இருக்கோம்? அதுவே ஒரு டேட்டா."

"கண்ட்ரோல் குரூப் இல்லையே சார்" என்றேன். சிரிப்பு வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

பிறகு அவர் சொன்னதுதான் என்னைத் தடுமாற வைத்தது. "நக்கோம்மா. இத டெல்லில அனுமதி குடுக்குற கமிட்டிக்கு எழுதுனா என்ன ஆவும்னு ஒங்களுக்குத் தெரியும். வயல எரிக்கச் சொல்லிருவாங்க. எனக்கு என்ன, இன்னும் கொஞ்ச நாள்ல ரிட்டயர்மெண்ட்டு. அந்தப் புள்ள பிள்ளைகள விட்டுட்டு இம்புட்டுத் தூரம் வந்து கெடக்கே, அது கதி என்ன? ஓர வரிசைன்னே இருந்துட்டுப் போவட்டும்."

அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் சொன்னது பொய்யில்லை. இதை நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். மூடி மறைக்கச் சொல்கிறவர் மீசையை முறுக்கிக்கொண்டு வரமாட்டார். மூன்றாவது ஆள் ஒருவருடைய கண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார், அந்தக் கண்ணீரும் அசலாகவே இருக்கும்.

நிறுவன இயக்குநரைக் கேட்கலாம் என்று வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தவரைத் தொலைபேசியில் பிடித்தேன். நான் சொல்வதை அமைதியாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், லைன் சரியாக இல்லை, எதுவும் காதில் விழவில்லை, ஆனால் எதுவானாலும் உள்ளூரிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். அவ்வளவு தெளிவான லைனில் நான் அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை.

ஊழியர்களை வீட்டில் விடுகிற வேன் அதற்குள் போய்விட்டது. தோகோவை என் காரில் அழைத்துப் போனேன். நான் செகந்திராபாத்துக்காரி, பிரிட்டிஷ்காரன் காலத்திலிருந்து எங்கள் குடும்பம் அங்கேதான். கச்சிபௌலி எனக்குச் சுற்றுவழி. ஆனால் அன்று அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. வழக்கம்போல அலுவலகம் விடும் நேரத்தில் மாட்டிக்கொண்டோம். முன்னால் கம்பெனி பஸ், இரண்டு பக்கமும் டாக்ஸிகள். நகராத காரில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேர்மன் சொன்னதையும், எனக்கும் அது ஒரு கணம் சரியாகப் பட்டதையும் சேர்த்தே சொன்னேன். அவள் சரி என்று சொல்லிவிட்டால் நானும் வாயை மூடிக்கொள்வேன் என்று எனக்குள் ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன்.

"எங்கள் ஊரில் கடலையை உரிக்கிறது பெண்கள். நல்ல பருப்பு விற்பனைக்குப் போகும். சுருங்கினது, பூசணம் பிடித்தது வீட்டில் தங்கும். அதை இடித்து மாவாக்கிக் குழந்தைக்குக் கஞ்சியில் போடுவார்கள். என் அம்மா எனக்கும் போட்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் சொல்லவில்லை."

முன்னால் இருந்த பஸ் கொஞ்சம் நகர்ந்தது. நான் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"இன்று மதியம் அந்த மேஜையில் சாப்பிட்டவர்களுக்கு என்ன சாப்பிட்டோம் என்று தெரியாது. உனக்கும் எனக்கும் தெரியும். எதை நிறுத்துவதற்காகப் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தேனோ, அதையே இப்போது நான் செய்ய வேண்டுமா?"

வயலை எரித்துவிடுவார்கள் தோகோ என்றேன். தெரியும் என்றாள். வீடு வந்து இறங்கும்போது கதவை வேண்டிய அளவுக்கு மேலேயே பலமாகச் சாத்தினாள். அவ்வளவுதான் அவள் காட்டிய கோபம்.

அதுவரை நான் போட்டுக்கொண்டிருந்த கணக்கெல்லாம் டெல்லி, திட்டம், நன்கொடையாளர், பெயர், பதவி என்று மேலே மேலே பார்த்துப் போட்ட கணக்கு. யார் தின்றார்கள் என்று கீழே பார்த்து ஒரு கணக்கு இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. மரபணு, புரதம் எல்லாம் தெரிந்த எனக்கு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடலை உரித்த மருத்துவர் நினைவுக்கு வரவில்லை. ஏதாவது தவறிப்போனால் முதலில் யாருக்கு எழுதுவது என்று விதிமுறையில் இருக்கிறது. யாரிடம் சொல்வது என்பது அதில் இல்லை. அதை நீங்களாகத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை சேர்மன் அறையில் போய் உட்கார்ந்தேன். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லப்போகிறேன் என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். கம்பீரமான வசனம். வாயைத் திறந்தபோது வேறு ஏதோ வந்தது.

"நேத்து மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்களே சார். யார் சாப்பிட்டாங்க?"

அவர் மேஜை மேல் இருந்த பேனாவை மூடினார், திறந்தார்.

"பேத்தி" என்றார். "ரெண்டு கை தின்னா. கடலைன்னா அவளுக்கு உசுரு."

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"எம்பொண்ணு டாக்டரு. சொன்னா என்னைய வீட்ட விட்டு வெரட்டிருவா."

"அப்போ சொல்ல வேண்டிய விஷயம்தான்னு உங்களுக்கே தெரியுது சார்."

ராத்திரி அவர் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தார். ஓர வரிசை என்று என்னிடம் அடித்துச் சொன்ன மனிதர், விடிய விடியப் பேத்தியின் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். கடைசியில் தொலைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டார். "அம்மாடி, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தார். நான் எழுந்து வெளியே வந்தேன்.

மகள் சரியான கேள்விகளை மட்டும் கேட்டாளாம்: எந்தப் புரதம், எவ்வளவு, ஒவ்வாமை வர வாய்ப்புண்டா. கேட்டு முடித்துப் பிள்ளையைப் பரிசோதித்தாள். பிறகு ரொம்ப நாள் அப்பாவோடு பேசவில்லை. பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். மறுபடி கடலை கேட்டு அழுதாள் என்று கேள்வி.

குழுவினர் ஒவ்வொருவரையும் சேர்மனே கூப்பிட்டுச் சொன்னார். அதை மோசமாகத்தான் செய்தார். 'தவிர்க்க இயலாத சூழ்நிலையில் உட்கொள்ளப்பட்டது' என்றெல்லாம் பேசினார். ஆனால் ஒருவரையும் விடவில்லை, கடலை வேகவைத்த சமையல்காரர் உட்பட. வெளியிலிருந்து வந்த மருத்துவர், நன்றி என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்துக்குத் தன் டிபனைத் தானே கொண்டுவருவதாகச் சொன்னார். நிர்வாக அதிகாரி தீவிர சைவம். மரபணு எந்த உயிரிலிருந்து எடுத்தது என்று கலவரமாகக் கேட்டார். குதிரைமசாலிலிருந்து என்றேன். அவருக்குப் பாதிதான் காதில் விழுந்தது. குதிரையா என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். குதிரைமசால் என்பது கால்நடைகளுக்குப் போடுகிற தீவனம், செடிதான் என்று புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அன்று மாலையே டெல்லியில் உள்ள ஒழுங்குமுறைக் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதினோம். எதிர்பார்த்த பதிலே வந்தது. சோதனை நிறுத்தம், வயல் எரிப்பு, எனக்கு ஒரு கண்டிப்பு. சேர்மன் அவர்கள் சொல்லும் முன்பே பதவியை விட்டு விலகினார். இயக்குநருக்கு மட்டும் லைன் சட்டென்று சரியாகி, நேர்மையே நமது பாரம்பரியம் என்று எல்லா ஊழியர்களுக்கும் ஒரு செய்தி அனுப்பினார்.

வயலை எரித்த நாளைச் சொல்லிவிடுகிறேன். செடிகளைப் பிடுங்கிக் குழியில் குவித்து, எண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தார்கள். தோகோ பக்கத்திலேயே நின்றாள். போக வேண்டாம் என்று சொல்லியும் வந்தாள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய்ப் புகை அடங்கி, வறுகடலை வாசனை எழுந்தது. அப்படி ஒரு வாசனை. வேலியோரத்தில் நின்ற எல்லோர் வாயிலும் எச்சில் ஊறியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தோகோதான் முதலில் சிரித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள், சிரித்தபடியே உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். நாம் செய்தது சரிதான் என்று அந்த நேரத்தில் யாராவது சொல்லியிருந்தால் அவரைக் குழியில் தள்ளியிருப்பேன். சரியானதைச் செய்தால் மனம் நிறையும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில நாள் அந்தக் குழிப் பக்கம் போகாமல் சுற்றி நடப்பீர்கள். அவ்வளவுதான்.

தோகோ அந்தப் பருவத்தின் தரவு எதுவும் இல்லாமல் ஊர் திரும்பினாள். குளிர் அறையில் மூல விதை பத்திரமாக இருந்ததால் தடை நீங்கிய பிறகு நாங்கள் மறுபடி தொடங்கினோம். அதற்குள் அவள் அங்கே சும்மா இருக்கவில்லை. வழக்கமான முறையில் மகரந்தம் சேர்த்து, பூஞ்சையைத் தாங்கும் ரகங்களைத் தேடினாள். காயை எப்படி உலர்த்துவது, சுருங்கிய பருப்பை ஏன் கஞ்சியில் போடக் கூடாது என்று கிராமம் கிராமமாகப் பெண்களைக் கூட்டிப் பேசினாள். எங்கள் மரபணுக் கடலை எந்தக் காலத்தில் அங்கே மண்ணைத் தொடுமோ, நான் ஓய்வு பெறும்வரை அனுமதி வரவில்லை. இன்றும் வரவில்லை. வராமலே போகலாம். அது இப்போது உங்கள் தலைவலி.

ஆனால் போன வருடம் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். இந்தக் கடலையைச் சோதிக்கலாமா என்று விவசாயிகளிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்று அங்கே நடந்திருக்கிறது. பெரிய மரத்தடி, நிறையப் பெண்கள். அதிகாரிகள் படம் போட்டு விளக்கி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, இதை உருவாக்கினவர்கள் யாராவது இதைச் சாப்பிட்டிருக்கிறார்களா என்று கேட்டாளாம். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தோகோ எழுந்தாள். நான் சாப்பிட்டிருக்கிறேன், ஆனால் தெரிந்து சாப்பிடவில்லை என்று ஆரம்பித்து, சாவி, குக்கர், இரண்டு கோடு, எரித்த வயல் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அதை நிரூபணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னாள். குதிரை வந்த இடத்தில் கூட்டம் உருண்டு புரண்டு சிரித்ததாம்.

சிரிப்பு அடங்கிய பிறகும் அந்தப் பெண் உட்காரவில்லை. அதெல்லாம் இருக்கட்டும், ருசி எப்படி என்று கேட்டாள்.

"உப்பு அதிகம்" என்றாளாம் தோகோ. "சமைக்கச் சொன்னது குழுத் தலைவர்."